நொட்டை சாரின் நல்ல வார்த்தை

"நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு நொட்டை சார் கோப்பையைத் தட்டில் வைத்தார். காபிக்காரம்மா பதறிப்போனாள்.

பின்னே பதறாதா? அந்த மனிதர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை விழுந்து அவள் கேட்டதே இல்லை. அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர். வேலை விட்டுப் போனாலும் புத்தி விட்டுப் போகவில்லை. கடை திறந்த நாளிலிருந்து ஜன்னலோர மேசை அவருடையது. ஒரு வாய் குடிப்பார், கண்ணை இடுக்குவார், ஆரம்பித்துவிடுவார். சூடு போதாது, சூடாகக் கொடுத்தால் நாக்கு வெந்துபோச்சு. பால் தண்ணீர், கெட்டியாகக் கொடுத்தால் இது காபியா பாயசமா. மேசைக்கு ஒரு கால் குட்டை. பன் நேற்றையது. இல்லை சார், இன்றைக்குக் காலையில் வந்தது என்றால், "அப்படின்னா பேக்கரிக்காரன் நேத்தே மாவு பிசைஞ்சிருப்பான்" என்பார். தெருவில் அவருக்கு நொட்டை சார் என்று பெயர் விழுந்தது சும்மா இல்லை. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும். தெரிந்து உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

காபிக்காரம்மாவின் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் உறைக்கவே உறைக்காது. "அந்தாளுக்குக் குறை சொல்லலைன்னா காபி உள்ள எறங்காது. எனக்கு அவர் வாயால நாலு கேக்கலைன்னா பொழுது விடியாது" என்று சிரிப்பார். அப்படிப்பட்டவரின் வாய் இந்த மழைக்காலத்தில் கொஞ்சம் அடங்கியிருந்தது, இன்றைக்கு நல்லா இருக்கு என்கிறார். அதுவும் அவள் முகத்தைப் பார்க்காமல், குடையைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டு சொல்கிறார்.

"என்ன சார், உடம்புக்கு முடியலையா?" என்றாள்.

"எனக்கென்ன? நல்லாத்தான் இருக்கேன். காபியும் நல்லா இருக்கு. ஒருத்தன் நல்லா இருக்குன்னு சொல்லக் கூடாதா?"

"சொல்லலாம் சார். நீங்க சொன்னாதான் பயமா இருக்கு."

அவர் மழையில் இறங்கிப் போய்விட்டார். குடை அவர் கையிலேயேதான் இருந்தது.

மழைக்காலம் தொடங்கியதிலிருந்தே கடை சரியில்லை. மழை என்றால் காபிக் கடையில் நிற்க இடம் இருக்காது. கண்ணாடியெல்லாம் ஆவி படர்ந்து, ஈரக் குடைகள் வாசலில் குவிந்து கிடக்கும். இந்த வருஷம் மேசைகள் காய்ந்தன. பள்ளிக்கூட டீச்சர்கள் இரண்டு பேரும் எதிர்ப்புறம் புதிதாகத் திறந்த கண்ணாடிக் கடைக்குப் போகிறார்கள். கேட்டால், "அங்க ஏசி இருக்குங்க" என்கிறார்கள். இந்தக் குளிரில் ஏசி எதற்கு என்று அவள் கேட்கவில்லை. அந்தக் கடையில் நுரையின் மேல் இலை வரைந்து கொடுக்கிறார்களாம். காபியில் இலை மிதந்தால் நம் கடையில் சண்டைக்கு வருவார்கள், அங்கே போய் அதைப் போட்டோ எடுக்கிறார்கள் என்று அவள் தினமும் பொருமித் தீர்த்தாள். எல்லாப் பழியையும் அந்த இலை மேலேயே போட்டிருந்தாள்.

போதாக்குறைக்கு எறும்பு வேறு. நொட்டை சாரின் மேசைக்குப் பக்கத்தில் ஜன்னல் திட்டில் ஒரு பூந்தொட்டி உண்டு. அகல இலைச் செடி. இந்த மழைக்காலம் முழுக்க அதில் எறும்பு சாரை சாரையாக ஏறி இறங்கியது. பன் தூள் விழுகிறது என்று அவள் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். தொட்டி மண் எப்போதும் ஈரமாகவே இருந்தது. வீட்டுக்காரர் தண்ணீர் ஊற்றுகிறார் என்று அவள் நினைத்தாள். அவர், அவள் ஊற்றுகிறாள் என்று நினைத்தார். வீட்டில் பாதி விஷயம் இப்படித்தான் நடக்கிறது.

கீழே கடை, மேலே வீடு, பின்கட்டில் வறுக்கும் அறை. அங்கே கையால் சுற்றுகிற ஓர் இரும்பு உருளை. பச்சைக் கொட்டையை வறுப்பது, அரைப்பது, காபி போடுவது எல்லாம் அவர் வேலை. முன்பக்கம் அவள் ராஜ்ஜியம்: ஆட்களுக்குக் கொடுப்பது, கோப்பை கழுவுவது, பேச்சு கொடுப்பது. வயிற்றுப் புண் வந்து டாக்டர் காபியை நிறுத்தச் சொன்னதிலிருந்து அவள் ஒரு சொட்டு குடிப்பதில்லை. காபிக் கடை நடத்துகிறவள் வெந்நீர் குடிக்கிறாள் என்று பக்கத்துத் தையல்கார அக்கா கேலி செய்வாள். "அல்வாக் கடைக்காரன் அல்வா தின்னுக்கிட்டா நிக்கிறான்?" என்று இவள் திருப்பிக் கொடுப்பாள்.

அன்றைக்கு மத்தியானம் வீட்டுக்காரர் பின்கட்டில் சாக்கை அடுக்கிக்கொண்டிருந்தார். கடையில் ஈ, காக்காய் இல்லை. அவள் பாத்திரத்தில் மிச்சமிருந்த காபியைக் கோப்பையில் ஊற்றினாள். வயிற்றில் கையை வைத்து, "ஒரு வாய்தான், பொறுத்துக்கோ" என்று அதனிடம் சொல்லிவிட்டுக் குடித்தாள்.

குடித்தவள் அப்படியே தொட்டியில் துப்பினாள். கழுவும் தொட்டியில்தான்.

கரி. அடிப்பிடித்த பால் நாற்றம் அதற்கு மேலே. பழகாத நாக்கு என்று தள்ளிவிட முடியாது. இதைக் குடித்துவிட்டா அந்த மனிதர் நல்லா இருக்கு என்றார்?

அவள் கோப்பையோடு பின்கட்டுக்குப் போனாள்.

"ஏங்க, இதைக் குடிச்சுப் பாருங்க."

அவர் வாங்கி ஒரு வாய் குடித்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. "ஏன், என்ன?" என்றார்.

"என்னவா? பால் அடிப்பிடிச்சிருக்கு. தெரியலையா?"

அவர் கோப்பையை மெதுவாகச் சாக்கின் மேல் வைத்தார். தெரியவில்லை என்பது அவர் நின்ற நிற்பிலேயே தெரிந்தது. அவளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஒரு நாள் உருளைக்கிழங்கு கருகிப் போய், என்ன சொல்வாரோ என்று இவள் பயந்துகொண்டே போட, மனிதர் சத்தமில்லாமல் சாப்பிட்டு எழுந்தார். வயசாக வயசாக மனுஷன் தங்கமாகிவிட்டார் என்று தையல்கார அக்காவிடம் பெருமைகூட அடித்துக்கொண்டாள்.

"எப்பத்திலேருந்து?"

"காய்ச்சல் வந்துச்சே, மழை ஆரம்பத்துல. அதுலேருந்து மூக்கு செத்துப் போச்சு. கசப்பு தெரியுது, இனிப்பு தெரியுது. மத்ததெல்லாம் வெந்நிதான். டாக்டர்கிட்ட போனேன். வந்தாலும் வரும், வராமலும் போகும்னுட்டார்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"நாளைக்கு வந்துரும், நாளைக்கு வந்துரும்னு பாத்தேன்."

"அடப் பாவி மனுஷா! ஒரே வீட்டுல இருக்கேன், ஒரே அடுப்புல சமைக்கிறேன். மூக்கைக் காணோம்னு பொண்டாட்டிகிட்ட சொல்ல ஒரு வாய் இல்லையா உங்களுக்கு?"

அவளுக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. அவர் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"வறுக்கிறப்ப நான் கண்ணால எங்க பாத்தேன்? மூக்காலதான் பாத்தேன். இப்ப நிறத்தைப் பாத்து எறக்குறேன். பச்சையா போயிருமோன்னு பயந்து பயந்து இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு விட்டுர்றேன் போல. ஆனா யாரும் ஒண்ணும் சொல்லலையே. சரி, கை பழக்கத்துல நல்லாத்தான் வருதுன்னு நெனச்சேன். அப்புறம் ஒரு நாள் சார் குடிச்சிட்டு, பரவால்லையேன்னார். அன்னைக்கே தெரிஞ்சு போச்சு."

"என்ன தெரிஞ்சு போச்சு?"

"பரிதாபப்பட்டுக் குடிக்கிறாங்கன்னு. வேண்டாம்மா. ருசி தெரியாதவன் அடுத்தவனுக்குக் காபி போடக் கூடாது. மருந்துக் கடைக்காரர் ரொம்ப நாளா இந்த இடத்தைக் கேக்குறார். ஞாயித்துக்கெழமை காலையில வரச் சொல்லியிருக்கேன். குடுத்துரலாம்."

கல்யாணமாகி வந்து முதல்முதலில் அவள் கழுவியது இந்தக் கடையின் கோப்பைகளைத்தான். மகளைத் தூளியில் ஆட்டியது இந்த உருளைச் சத்தத்தில்தான். அதை மருந்துக் கடைக்கா? "குடுங்க, குடுங்க. முதல் மாத்திரையை நானே வாங்கி முழுங்குறேன்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். அன்றைக்கு ராத்திரி இரண்டு பேருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் அவரை எழுப்பாமல் அவளே கடையைத் திறந்தாள். இருந்த பொடியில் இருந்தபடி காபி போட்டாள். மழை சன்னமாகத் தூறிக்கொண்டிருந்தது. விடாமல் வருகிறவர்கள் மூன்றே பேர்: நொட்டை சார், தையல்கார அக்கா, கோடி வீட்டுச் சலூன்காரர். மூன்று பேருக்கும் நிரம்ப நிரம்ப ஊற்றி வைத்தாள். வைத்துவிட்டு வாசலை மறித்துக்கொண்டு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"குடிங்க."

"குடிக்கிறோம். நீ ஏன் போலீஸ் மாதிரி நிக்கிற?" என்றாள் தையல்கார அக்கா.

"சும்மாதான். குடிக்கிற அழகைப் பாக்கணும்."

சலூன்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தார். குடித்ததும் அவர் தொண்டை மேலும் கீழும் போய் வந்தது. நொட்டை சார் உதட்டை நனைத்துவிட்டு ஜன்னல் வழியே மழையைப் பார்த்தார். தையல்கார அக்கா எழுந்து வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்து, "மழை விடும்போல இருக்குல்ல சார்" என்றாள். பேசிக்கொண்டே அவள் இடது கை கோப்பையோடு நைசாகத் திட்டின் பக்கம் நகர்ந்தது.

"அக்கா! அந்தக் கை எங்க போகுது?"

கை தொட்டியின் விளிம்பிலேயே நின்றுவிட்டது. எறும்புகள் மட்டும் தங்கள் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தன. காபிக்காரம்மா தொட்டியைப் பார்த்தாள், ஈர மண்ணைப் பார்த்தாள், மூன்று பேரின் முகத்தையும் பார்த்தாள்.

"அட நாசமாப் போறவங்களா! இத்தனை நாளா செடிக்கா காபி குடுத்தீங்க? அதான் சர்க்கரை வியாதிக்காரி மாதிரி இப்படி வாடிக் கெடக்கா?"

சலூன்காரருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் போய் இருமினார். தையல்கார அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னை என்ன பண்ணச் சொல்ற? உன் வீட்டுக்காரர் உள்ளேருந்து எட்டி எட்டி மூஞ்சியையே பாக்குறார். அந்த மூஞ்சிகிட்ட எப்படிடி சொல்றது? எல்லாம் சார்தான். யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னு கட்டளை போட்டார்."

"நீங்களா சார்?"

நொட்டை சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றினால் அவர் முகம் வேறு யாரோ மாதிரி இருந்தது.

"ஒரு நாள் காபி கரியா இருந்துச்சும்மா. விடுவேனா? கப்பைத் தூக்கிக்கிட்டுச் சண்டை போடப் பின்கட்டுக்குப் போனேன். உங்க வீட்டுக்காரர் பொடி டப்பாவைத் தொறந்து மூஞ்சியை உள்ள விட்டுக்கிட்டு நிக்கிறார். இழுத்து இழுத்து மோந்து பாக்குறார். மூடுறார், திரும்பத் தொறக்குறார். நிமிந்தா மூக்கு நுனியெல்லாம் பொடி, கண்ணுல தண்ணி. அவர் என்னைப் பாக்கலை. அதுக்கப்புறம் எந்த வாயால நான் குறை சொல்றது?"

"அதுக்காக நல்லா இருக்குன்னு சொல்லுவீங்களா?"

"வேற என்ன சொல்லித் தொலைக்கிறது? எனக்குப் பழக்கமா வழக்கமா? வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாத்துட்டு வந்தேன்."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சார், நீங்க திட்டுறவரைக்கும் அவருக்குத் தைரியம் இருந்துச்சு. நீங்க பரவால்லையேன்ன அன்னைக்குத்தான் மனுஷன் ஒடஞ்சு போனார். ஞாயித்துக்கெழமை கடையை மருந்துக் கடைக்குக் குடுக்கப் போறாராம்."

நொட்டை சார் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். சலூன்காரர், "மருந்துக் கடையில உக்காந்து பேப்பர் படிக்க விடமாட்டானே" என்று முனகினார்.

"ஞாயித்துக்கெழமை வாங்க சார். காபி நான் தர்றேன். உங்க வாய் பழைய வாயா இருக்கணும். பொய் சொன்னீங்க, அந்தத் தொட்டியை எடுத்துத் தலையில கவுத்துருவேன்."

அவர்கள் போனதும் அவள் பின்கட்டுக்குப் போனாள். வீட்டுக்காரர் அங்கே வந்து நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

"அடுப்பைப் பத்த வைங்க" என்றாள்.

"எதுக்கு?"

"கை உங்ககிட்ட இருக்கு. மூக்கு எங்கிட்ட இருக்கு. எந்த வாசத்துல எறக்கணும்னு சொல்லுங்க. வந்ததும் சொல்றேன்."

"அது வாயால சொல்ற விஷயமா?"

"மூக்கு போச்சுன்னுகூடத்தான் வாயால சொல்லாம இருந்தீங்க. இன்னைக்காவது வாயைத் தொறங்க."

அவர் அடுப்பைப் பற்றவைத்து, கொட்டையை உருளையில் போட்டுக் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தார். கொட்டைகள் உள்ளே சரசரவென்று உருண்டன. ஓடு அடைக்காத ஒரு மூலையில் மழைத் தண்ணீர் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் நெடுநேரம் யோசித்து யோசித்துப் பேசினார்.

"முதல்ல ஈரச் சாக்கு வாசம் வரும். அது போனதும் ரொட்டி வேகுற வாசம். பேக்கரிப் பக்கமா நடந்து போனா அடிக்குமே, அது. அதுல ஏமாந்து எறக்கிரக் கூடாது. அப்புறம் கொட்டை படபடன்னு வெடிக்கும். வெடி அடங்குறப்ப, ஈரத் துணி மேல இஸ்திரிப் பெட்டியை வெச்சா வரும் பாரு, அந்த வாசம். அதுக்குப் பின்னாடியே சர்க்கரை கருக ஆரம்பிக்கிற மாதிரி ஒண்ணு லேசா தலையைக் காட்டும். காட்டுனதும் கொட்டிரணும். அதுக்கு மேல கரிதான்."

"இவ்வளவு இருக்கா இதுல!" என்றாள். இத்தனை வருஷம் பக்கத்து அறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவள்.

"இப்ப என்ன வாசம்?"

"சாக்கு."

"இப்ப?"

"சாக்குதான். அவசரப்படுத்தாதீங்க."

முதல் தடவை ரொட்டி வாசத்தைக் கண்டதும் பதறிப்போய், "கொட்டுங்க, கொட்டுங்க!" என்று கத்திவிட்டாள். கொட்டினால் வைக்கோல் நிறத்தில் வந்து விழுந்தது. இரண்டாவது தடவை, பதறக் கூடாது, பதறக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நின்றதில் கரியாகிவிட்டது. அவர் அதைக் குப்பையில் தட்டினார். அவருக்குத் தோள் வலித்தது. போதும் என்று சொல்லப்போகிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

"இன்னும் ஒரு தடவை. என் மேல நம்பிக்கை இல்லையா?"

"உன் மூக்கு மேல இல்லை" என்றார். சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

மூன்றாவது தடவை உருளை சுற்ற, சாக்கு போனது, ரொட்டி வந்து போனது. கொட்டை படபடத்தது. அவள் மூக்கை உருளைக்குப் பக்கத்தில் நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். என்னவோ வருகிறது, இதுவா, இல்லையா, எதுவும் நிச்சயமில்லை. அந்த நேரம் பார்த்துத் தெருக் கதவைத் தள்ளிக்கொண்டு தையல்கார அக்கா ஓடிவந்தாள்.

"ஐயையோ, நூல் வாங்கப் போறப்ப இஸ்திரிப் பெட்டியை அணைக்காமலே போயிட்டேனாடி? தெருவெல்லாம் அடிக்குது! எங்கேருந்து வருதுன்னே தெரியலை!"

"இதுதாங்க! இதேதான்!" காபிக்காரம்மா கத்தினாள். "நிறுத்தாதீங்க, சுத்துங்க... இருங்க... சர்க்கரை... வருது, வருது... கொட்டுங்க!"

கொட்டினார். தட்டில் கொட்டை பளபளவென்று பரவியது. அவர் ஒன்றை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். காதருகே வைத்து உடைத்துப் பார்த்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார். தையல்கார அக்கா, "என் பெட்டி அணைஞ்சுதான் இருக்குதா இல்லையா, யாராவது சொல்லுங்களேன்" என்று கேட்டுக்கொண்டே திரும்பி ஓடினாள்.

ஞாயிற்றுக்கிழமை மழை இல்லை. நொட்டை சார் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். பரீட்சை எழுத வந்தவர் மாதிரி இருந்தார். சலூன்காரர் சலூனைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார். அவர் பின்னால் ஒரு கன்னம் மட்டும் சவரம் செய்த ஓர் ஆளும் என்னவோ நடக்கிறது என்று வந்து நின்றார். மருந்துக் கடைக்காரர் சுவரையெல்லாம் கண்ணால் அளந்துகொண்டு நடுமேசையில் உட்கார்ந்திருந்தார். பால் பொங்குகிற வரைக்கும் காபிக்காரம்மா அடுப்பை விட்டு நகரவில்லை. வீட்டுக்காரர் காபியைக் கலந்தார். கோப்பையை அவரே கொண்டுபோய் வைத்தார். இன்றைக்கு அவர் நொட்டை சாரின் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நொட்டை சார் ஒரு வாய் குடித்தார். கண்ணை இடுக்கினார். இன்னொரு வாய் குடித்தார்.

"என்னய்யா இது?" என்றார்.

காபிக்காரம்மா ஓர் எட்டு முன்னால் வந்தாள்.

"சூடு பத்தலை. கொண்டாந்து வெக்கிறதுக்குள்ள ஊர்வலமா போறீங்க? சர்க்கரை அடியிலயே நிக்குது, கலக்குனாதானே மேல வரும்? வறுவல் ஒரு பொடி தூக்கல். இன்னும் ஒரு மூச்சு முன்னாடி எறக்கியிருக்கணும். கப்போட காது வழுக்குது. தொடைச்சுக் குடுக்க ஒரு துணி கூடவா இல்லை இந்தக் கடையில? அப்புறம் இந்த மேசை. எத்தனை வருஷமா சொல்றேன், இந்தக் காலுக்கு ஒரு கட்டை வெக்க மாட்டீங்களா?"

வீட்டுக்காரர் தலையை நிமிர்த்தினார். அவர் கண் நிறைந்துவிட்டது.

"இன்னொரு தடவை சொல்லுங்க சார்."

"எதை? சூடு பத்தலைங்கிறதையா?"

"எல்லாத்தையும்."

நொட்டை சார் எல்லாவற்றையும் திரும்பச் சொன்னார். இந்தத் தடவை பன்னையும் சேர்த்துக்கொண்டார். வீட்டுக்காரர் தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துவிட்டு மருந்துக் கடைக்காரரைப் பார்த்துத் திரும்பினார்.

"மன்னிச்சுக்கணும். இடம் குடுக்கிறதா இல்லை. காபி சாப்பிட்டுட்டுப் போங்க. சூடா தர்றேன்."

மருந்துக் கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டேதான் குடித்தார். ஆனால் கடைசிச் சொட்டுவரை குடித்தார். ஒரு கன்னத்து ஆசாமி தனக்கும் ஒன்று கேட்டார். வீட்டுக்காரர் பின்கட்டுக்குப் போய் ஒரு மரச் சில்லைத் தேடி எடுத்து வந்து, மண்டியிட்டு ஜன்னலோர மேசையின் குட்டைக் காலுக்கு அடியில் தட்டினார். "இப்ப அந்தப் பக்கம் தூக்குது" என்றார் நொட்டை சார்.

எல்லோரும் போன பிறகு காபிக்காரம்மா ஜன்னலோரம் துடைக்க வந்தாள். கோப்பை காலியாக இருந்தது. அவளுக்குச் சட்டென்று ஒரு சந்தேகம் வந்தது. தொட்டி மண்ணில் விரலை வைத்துப் பார்த்தாள். மண் காய்ந்து கிடந்தது. ஒரே ஓர் எறும்பு விளிம்பில் அங்கும் இங்கும் அலைந்துகொண்டிருந்தது.

"என்னம்மா பாக்குற அங்க?" என்று உள்ளேயிருந்து வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்.

"ஒண்ணுமில்லீங்க. ஒரு குவளை தண்ணி கொண்டாங்க. இனிமே இந்தச் செடிக்கு நாமதான் ஊத்தணும்."